மாற்றுத் திறனாளியின் குடும்பமும் அதன் வாழ்வை அளக்கும் முறையும்

(ஐதராபாத்தில் சமூக நலத்துறை அலுவலர்கள், சமூகப் பணி மாணவர்கள் ஆகியோர் முன் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2018-ஆம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்று நடைபெற்றது. நாடெங்கும் 1,18,152 குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. மக்கள் தொகையில் 2.2 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்பது அந்த ஆய்வின் முடிவு. இந்த எண் பலருக்கும் தெரிந்தது. மேடைகளில் அடிக்கடி எடுத்துக் கூறப்படுவது. அதே ஆய்வில் வேறொரு கேள்வியும் இருந்தது. பராமரிப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பது அக்கேள்வி. ஆள் இருக்கிறார் என்றோர் 62.1 சதவீதம். ஆள் தேவையில்லை என்றோர் 37.7 சதவீதம். தேவை, ஆனால் கிடைக்கவில்லை என்றோர் 0.3 சதவீதம் மட்டுமே.

இந்த மூன்று எண்களையும் மேசையில் வைத்துக்கொண்டு திட்டம் தீட்டும் ஓர் அலுவலர் எந்த முடிவுக்கு வருவார்? ஆயிரம் பேரில் மூவருக்குத்தான் பராமரிக்க ஆளில்லை. ஆகவே இத்துறையில் செலவிட வேண்டிய அவசரம் ஏதுமில்லை என்ற முடிவுக்கே வருவார். அவரைக் குறை கூற இயலாது. கேட்ட கேள்விக்கு உண்மையான விடையே கிடைத்திருக்கிறது. ஆனால் 'ஆள் இருக்கிறார்' என்ற கட்டத்தில் இடப்பட்ட அந்தக் குறி யாரைக் குறிக்கிறது? பெரும்பாலும் தாயை, சில வீடுகளில் பாட்டியை, தாய் நோயுற்ற வீடுகளில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட அக்காளை. அவர் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார், எந்த வேலையை விட்டார், எத்தனை ஆண்டுகளாக ஓர் உறவினர் திருமணத்துக்கும் செல்லவில்லை என்பனவெல்லாம் அந்தக் குறிக்குள் மறைந்துவிடுகின்றன. குறைபாடுடையவரை எண்ணுவதற்கு நாடு ஓரளவு கற்றுக்கொண்டுள்ளது. அவருடைய குடும்பம் எவ்வாறு வாழ்கிறது என்பதை அளப்பதற்கு இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்பொருள் குறித்துப் பேசுவதற்கு ஐதராபாத் தகுதியான இடம். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக 1981 கொண்டாடப்பட்டதை அடுத்து, 1984-இல் இந்த இரட்டை நகரின் செகந்திராபாத் பகுதியில் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் அமைந்தது. போவென்பள்ளியை அடுத்த அந்த வளாகத்துக்கு மனோவிகாஸ் நகர் என்று பெயர். இன்று அது அறிவுசார் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. குழந்தைகளைச் சோதிக்கவும், சிறப்பு ஆசிரியர்களைப் பயிற்றவும் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஆயினும் அங்கு வந்தவை தனிக் குழந்தைகள் அல்ல, குடும்பங்கள். வெளியூர்ப் பெற்றோர் சில நாட்கள் குழந்தையுடன் தங்கிப் பயிற்சி பெறுவதற்கென்று குடும்பக் குடில்களே அங்கு அமைக்கப்பட்டன. தெலுங்கு, உருது, இந்தி, மராத்தி எனப் பல மொழிகள் பேசும் பெற்றோர் ஒரே வராந்தாவில் காத்திருக்கும் அத்தகைய இடத்தில், குழந்தையின் அறிவு ஈவை மட்டும் அளந்து அனுப்பினால் போதாது என்பது விரைவிலேயே புலப்பட்டதில் வியப்பில்லை.

சுமையை அளந்த காலம்

குடும்பத்தை அளக்கும் முயற்சி இந்தியாவில் சுமையை அளப்பதாகவே தொடங்கியது. 1981-இல் சைலா பாய், ஆர்.எல். கபூர் ஆகிய இருவரும் மனநோயாளிகளின் குடும்பங்களுக்கென ஒரு நேர்காணல் பட்டியலை வெளியிட்டனர். பொருளாதாரச் சுமை, அன்றாட அலுவல்களில் ஏற்படும் தடை, ஓய்வு நேர இழப்பு, குடும்பத்தினரிடையே உறவுச் சிக்கல், மற்றவர்களின் உடல்நலப் பாதிப்பு, மனநலப் பாதிப்பு என ஆறு பிரிவுகளில் 24 கேள்விகள் அதில் உள்ளன. சுமை இல்லை, ஓரளவு, கடுமை என மூன்று படிகளில் மதிப்பெண் இடப்படும். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்திய ஆய்வேடுகளில் அப்பட்டியல் பயன்படுத்தப்பட்டு வருவது அதன் தரத்துக்குச் சான்று. கேள்விகள் எளியவை, களத்தில் எழுந்தவை.

இதே காலத்தில் சென்னையில் பி. ஜெயச்சந்திரன், வி. விமலா ஆகியோர் உருவாக்கிய சென்னை வளர்ச்சித் திட்ட முறையும் பரவலாக வழக்கில் இருந்தது. 18 துறைகளில் 360 செயல்களைப் பட்டியலிட்டு, மனவளர்ச்சி குன்றியவர் அவற்றில் எவற்றைச் செய்கிறார், எவற்றை அடுத்து அவருக்குக் கற்பிக்கலாம் என்று காட்டிய முறை அது. ஆசிரியர்களுக்குப் பெரிதும் உதவியது. ஆனால் அதன் நோக்கம் வேறு. குழந்தை தானே உணவு உண்ணக் கற்ற பிறகு தாய்க்குக் கிடைத்த அரைமணி நேரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை.

மனோவிகாஸ் நகரில் ரீட்டா பெஷாவரியா, டி.கே. மேனன் ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் மேற்கொண்ட ஆய்வு 1995-இல் நூலாக வந்தது. இந்தியக் குடும்பங்களைப் புரிந்துகொள்வதே அதன் நோக்கம் என்பதைத் தலைப்பே அறிவித்தது. குடும்பத்துக்கு என்ன தேவை என்று குடும்பத்தையே கேட்கும் தேவைப் பட்டியல் ஒன்று அந்த முயற்சியில் உருவாயிற்று. குழந்தையின் நிலை பற்றிய விவரம், குழந்தையைக் கையாளும் முறை, தொழிற்பயிற்சி, பாலுணர்வு, திருமணம், விடுதி, பொருளுதவி, குடும்ப உறவுகள், வருங்காலத் திட்டம், அரசு தரும் சலுகைகள் ஆகியன அதில் இடம்பெற்ற பகுதிகளுள் சில. பெற்றோருக்கு ஒரு பட்டியல், உடன்பிறந்தோருக்கு ஒன்று, தாத்தா பாட்டிக்கு ஒன்று எனத் தனித்தனியே வகுத்தமை அதன் சிறப்பு. மேனாட்டு அளவைகளில் தாத்தா பாட்டிக்குத் தனிப் படிவம் காண்பது அரிது. இந்நாட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டுபவரும், குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்வதா கோயிலுக்குக் கொண்டு செல்வதா என்று முடிவு செய்பவரும் பல வீடுகளில் பாட்டியே என்பதை அறிந்தவர்களே அத்தகைய படிவத்தை வகுக்க முடியும்.

அதே குழுவினர் வகுத்த மற்றொரு அளவை, குறைபாடு குடும்பத்தின்மீது ஏற்படுத்தும் தாக்கத்தை ஆராய்ந்தது. உடல் உழைப்பு, தொழில், பணம், கேலிக்கு ஆளாதல், உறவுகள், உடன்பிறந்தோர் நிலை முதலியவற்றோடு, நல்விளைவு என்ற பகுதியும் அதில் சேர்க்கப்பட்டது. பொறுமை வளர்ந்தது, கணவன் மனைவி நெருக்கம் மிகுந்தது, பிறர் துன்பம் புரிந்தது என்று கூறும் பெற்றோரும் உண்டு என்பதை அது பதிவு செய்ய இடமளித்தது. சுமையை மட்டும் கேட்டால் சுமை மட்டுமே விடையாக வரும். இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றினாலும், சுமைக் கணக்கிலிருந்து வாழ்க்கைக் கணக்குக்கு ஆய்வு திரும்பிய இடம் இதுவே எனலாம்.

சொல்லிலேயே ஒரு சிக்கல்

தமிழில் 'வாழ்க்கைத் தரம்' என்றால் எதைக் குறிக்கும்? அரிசி, துணி, வீடு, மின்விசிறி, வாகனம். பொருளாதார நூல்கள் அச்சொல்லை அவ்வாறே பழக்கிவிட்டன. மோரிஸ் டேவிட் மோரிஸ் 1979-இல் முன்வைத்த வாழ்க்கைத் தரக் குறியீடு, குழந்தை இறப்பு விகிதம், ஓராண்டு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள், எழுத்தறிவு ஆகிய மூன்றையும் கூட்டி நாடுகளை வரிசைப்படுத்தியது. வருமானம் குறைந்தும் இலங்கையும் கேரளமும் உயர்ந்து நின்றதை அக்குறியீடு காட்டியபோது, வருமானம் ஒன்றே வாழ்க்கை அன்று என்பது திட்ட அறிஞர்களுக்கு உறுதியாயிற்று. எனினும் அதன் அலகு நாடு அல்லது மாநிலம். ஒரு வீட்டுக்குள் நுழைந்து அளக்க அது உதவாது.

இங்குப் பேசப்படுவது அந்தத் தரம் அன்று. ஒருவர் தம் வாழ்வை, தாம் வாழும் பண்பாட்டின் பின்னணியிலும் தம் குறிக்கோள்களின் பின்னணியிலும் எவ்வாறு காண்கிறார் என்பதே உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தந்த பொருள். அந்நிறுவனத்தின் அளவை பல நாட்டு மையங்களில் ஒரே வேளையில் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் தில்லியும் சென்னையும் அம்மையங்களுள் சேர்ந்தவை. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள் உள்ளன. ஆனால் அது தனிமனிதருக்கு உரியது. தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று எனக் கொடுத்துச் சராசரி கண்டால் குடும்பம் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. நான்கு பேரின் உடல் எடையைக் கூட்டி அவர்களிடையே உள்ள உறவை அறிய முயல்வதைப் போன்றது அது.

குடும்பத்தையே அலகாகக் கொண்ட அளவைகள் இரண்டு பெரிதும் அறியப்பட்டுள்ளன. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீச் மையம் உருவாக்கியது ஒன்று. குடும்பத்தினர் ஒருவரோடொருவர் பழகுதல், பிள்ளை வளர்ப்பு, மனநலம், உடல் மற்றும் பொருள் நலம், குறைபாடு சார்ந்த உதவிகள் என ஐந்து துறைகளில் 25 கூற்றுகள் அதில் உள. கனடா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அமைத்து 2006-இல் திருத்தி வெளியிட்டது மற்றொன்று. அது ஒன்பது துறைகளைக் கொண்டது. உடல்நலம், பொருள்நிலை, குடும்ப உறவு, பிறர் தரும் ஆதரவு, சேவை நிறுவனங்கள் தரும் ஆதரவு, நம்பிக்கைகளும் விழுமியங்களும், தொழிலும் கல்வியும், ஓய்வு, சமூகத் தொடர்பு ஆகியவை அவை. ஒவ்வொரு துறையிலும் ஆறு கோணங்களில் கேள்வி எழுப்பப்படும். இது உங்களுக்கு முக்கியமா, வாய்ப்பு உள்ளதா, நீங்கள் முயன்றீர்களா, அடைந்தீர்களா, நிலை மேம்படுமா தாழுமா, நிறைவு உண்டா என்பன அவை.

இந்த ஆறில் 'வாய்ப்பு', 'முயற்சி' என்ற இரண்டையும் பிரித்துக் கேட்பது அலுவலர்கள் கவனிக்கத்தக்கது. சிறப்புப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத குடும்பத்தை அக்கறையற்ற குடும்பம் என்று எழுதிவிடுவது எளிது. பள்ளி எட்டுக் கல் தொலைவில் இருந்து, பேருந்தில் ஏறும்போது பிள்ளை அலறினால் நடத்துநர் இறக்கிவிடுவார் என்றால், குறை முயற்சியிலா, வாய்ப்பிலா? இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதும் படிவம், அரசு செய்யத் தவறியதைக் குடும்பத்தின் கணக்கில் எழுதிவிடும்.

ஆயினும் இவ்வளவைகளை மொழிபெயர்த்த மாத்திரத்தில் நம் வீடுகளுக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது. குடும்பத்தினருக்குப் பல் மருத்துவம் தேவைப்படும்போது கிடைக்கிறதா என்று கான்சாஸ் அளவையில் ஒரு கூற்று உண்டு. மூசி ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் அதைக் கேட்கும் மாணவர், எதிரில் இருக்கும் பெண்மணியின் சிரிப்பைத்தான் முதல் விடையாகப் பெறுவார். மறுபுறம், மகளுக்கு வரன் அமைவதில் தம்பியின் குறைபாடு தடையாக இருக்கிறதா என்ற கேள்வி அந்த அளவையில் இல்லை. இந்தியக் குடும்பத்தில் அதைவிட உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி அரிது.

விடை கூறுபவர் யார்?

படிவத்தின் முதல் வரியிலேயே 'தகவல் தந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'தாய்' என்று எழுதிவிட்டு மேலே செல்வது வழக்கம். பகலில் வீட்டில் இருப்பவர் அவரே என்பதால் அது இயல்பே. ஆனால் அவர் யார் முன்னிலையில் விடை கூறுகிறார் என்பதைப் படிவம் கேட்பதில்லை. மாமியார் அருகில் அமர்ந்திருக்க, 'குடும்பத்தினர் உங்களுக்கு உதவுகிறார்களா?' என்று வினவினால் வரும் விடை ஒன்றே. கணவர் உடனிருக்கையில் வரும் விடையும், குழந்தையைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு வராந்தாவில் மற்றத் தாய்மாரோடு இருக்கையில் வரும் விடையும் வேறுவேறு. மூன்றும் பொய் அல்ல. எந்தச் சூழலில் பெறப்பட்டது என்பதை எழுதாமல் விடுவதே பிழை.

தந்தையை அளக்காமல் விடுவதும் பிழையே. அவர் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பதால் அக்கறையற்றவர் என்று பதிவு செய்யப்படுகிறார். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்பது பதிவாவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைபாடுடையவரே அக்குடும்பத்தின் உறுப்பினர்தாம். பேச இயலாதவர் என்று கருதி அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு அவருடைய குடும்பத்தின் வாழ்வை அளப்பது எவ்வகையில் முறையாகும்? அறிவுசார் குறைபாடு உடையோருள் பலர், எளிய சொற்களிலும் படங்களைக் கொண்டும் கேட்டால் தம் விருப்பு வெறுப்பைத் தெளிவாகக் கூற வல்லவர்கள். அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று கூலி நிர்ணயிக்கப்பட்ட கணக்கெடுப்பாளருக்கு அந்த நேரம் கொடுக்கப்படுவதில்லை.

நிறைவு என்னும் புதிர்

வாழ்வில் நிறைவு உண்டா என்று கேட்டால் மிக வறிய குடும்பமும் உண்டு என்கிறது. இதைக் கண்டு ஆய்வு மாணவர் குழம்புவதுண்டு. 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் ஆகிய இருவரும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், கடுமையான குறைபாடு உடையோருள் 54 சதவீதத்தினர் தம் வாழ்க்கை நன்று அல்லது மிக நன்று என்றனர். வெளியிலிருந்து பார்ப்போர் இரக்கப்படும் வாழ்வை, உள்ளிருந்து வாழ்வோர் அவ்வாறு கருதுவதில்லை. இது மதிக்கத்தக்க உண்மை. குறைபாடுடைய பிள்ளை பிறந்த வீடு துன்பத்தின் வீடே என்ற முன்முடிவோடு செல்வோர் திருந்துவதற்கு இவ்வெண் போதும்.

ஆனால் இதே உண்மை தவறாகவும் பயன்படும். எதிர்பார்ப்பே குறைந்துவிட்டவரும் நிறைவு என்றே கூறுவார். 'கடவுள் கொடுத்தது, குறை ஒன்றுமில்லை' என்று கூறும் தாய், பத்து ஆண்டுகளாக முதுகு வலியோடு பதினெட்டு வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டி வருபவராக இருக்கலாம். அவருடைய நிறைவைப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய முதுகையும் பதிவு செய்ய வேண்டும். முன்னதை மட்டும் எழுதிக்கொண்டு, உதவி தேவையில்லாத குடும்பம் என்று கோப்பை மூடுவது அநீதி. அமர்த்தியா சென் நெடுங்காலமாக எச்சரித்து வந்தது இதைத்தான். மக்கள் தம் நிலைக்கேற்ப ஆசையைச் சுருக்கிக்கொள்வர். ஆகவே ஆசையின் நிறைவை மட்டும் கொண்டு நலனை அளக்கலாகாது என்பது அவர் கருத்து.

பணக் கணக்கிலும் அவருடைய சிந்தனை உதவுகிறது. ஒரே வருமானம் உள்ள இரு குடும்பங்களில், குறைபாடுடையவர் உள்ள குடும்பம் அதே வாழ்வைப் பெற அதிகம் செலவிட வேண்டும். மருந்து, ஆட்டோ கட்டணம், உடைகள், பயிற்சி எனச் செலவுகள் மிகுகின்றன. வருமானம் குறைவதும், குறைந்த வருமானம் குறைந்த பயனாக மாறுவதும் சேர்ந்து அக்குடும்பத்தை இரு முறை தாக்குகின்றன. வீப்கே குக்லிஸ் என்ற ஆய்வாளர் பிரிட்டிஷ் விவரங்களைக் கொண்டு இதைக் கணக்கிட்டார். வறுமைக் கோட்டின் கீழ் இருந்தோர் பொதுவில் 17.9 சதவீதம், குறைபாடுடையவர் உள்ள குடும்பங்களில் 23.1 சதவீதம். குறைபாட்டினால் ஆகும் கூடுதல் செலவையும் கழித்துப் பார்த்தபோது அது 47.4 சதவீதமாக உயர்ந்தது. வருமானத்தை மட்டும் கேட்கும் படிவம் ஏறக்குறைய பாதி வறுமையைக் காணாமல் விட்டுவிடுகிறது என்பது இதன் பொருள்.

நம் மருத்துவமனைகளில் குடும்பத்தின் நிலையைக் குறிக்க 1976-இல் வெளிவந்த குப்புசாமி அளவையே இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. கல்வி, தொழில், வருமானம் மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு, குடும்பத்தை உயர், நடுத்தர, கீழ் வகுப்புகளில் சேர்ப்பது அது. தனக்கென வகுத்த வேலையை அது செவ்வனே செய்கிறது. ஆனால் வாரம் மூன்று நாள் மகளோடு பயிற்சிக்குச் சென்றுவரும் எழுத்தர் ஒருவரின் வீட்டை, அச்செலவு இல்லாத மற்றோர் எழுத்தரின் வீட்டோடு ஒரே வகுப்பில் வைத்துவிடும்.

75 என்ற எண்

குடும்பம் அரசு அலுவலகத்துக்குக் கொண்டு வருவது ஒரே ஓர் அளவைத்தான்: சான்றிதழில் உள்ள சதவீதம். 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, அறிவுசார் குறைபாட்டில் சமூக முதிர்ச்சி அளவையின் மதிப்பெண்ணைக் கொண்டு, மிதமான நிலைக்கு 75 சதவீதமும் கடும் நிலைக்கு 90 சதவீதமும் வகுக்கப்பட்டன. மைய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம், வறுமைக் கோட்டின் கீழ் உள்ளோருள் 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு மாதம் 300 ரூபாய் என வரையறுத்தது. ஆகவே 75 என்று எழுதப்பட்டவர் அதில் சேரார். தெலங்கானா அரசு தன் ஓய்வூதியத்தை 2023-இல் 3,016 ரூபாயிலிருந்து 4,016 ரூபாயாக உயர்த்தியது. அந்த வேறுபாட்டின் அளவை இங்குள்ளோருக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லைக்கோடு எங்காவது வேண்டும் என்று வாதிடலாம். வேண்டும்தான். ஆனால் 75 என்ற எண் யாரை அளந்தது? பிள்ளையை. ஒரு வீட்டில் 75 சதவீதப் பிள்ளையோடு இரு பெற்றோர், பாட்டி, நடந்து செல்லும் தொலைவில் சிறப்புப் பள்ளி. மற்றொரு வீட்டில் அதே 75. கணவன் விட்டுச் சென்ற தாய், வாடகை அறை, இரவில் உறங்காத பிள்ளை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. சமூகப் பாதுகாப்பு உதவி மற்றவர்களுக்குத் தருவதைவிட 25 சதவீதமேனும் கூடுதலாக இருக்க வேண்டும் என்றது. மிகு ஆதரவு தேவைப்படுவோர் தனியே விண்ணப்பிக்கவும் அதன் 38-வது பிரிவு வழி செய்தது. இந்தத் தேவையை மதிப்பிட உட்காரும் குழுவின் கையில் பிள்ளையின் மதிப்பெண் மட்டும் இருந்தால், மேற்சொன்ன இரண்டு வீடுகளும் ஒன்றாகவே தெரியும்.

பெற்றோருக்குப் பின்

ஐதராபாத்திலாயினும் சென்னையிலாயினும் பெற்றோர் கூட்டம் எதிலும் தவறாது எழும் கேள்வி, 'எங்களுக்குப் பின் யார்?' என்பது. இதற்கு விடையாகவே தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இல் வந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு, பதினெட்டு வயது நிரம்பியவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கும் அது பொருந்தும். காப்பாளர் சான்றிதழ்கள் எத்தனை வழங்கப்பட்டன என்பது ஆண்டறிக்கைக்குரிய எண். அச்சான்றிதழ் பெற்ற பின் அத்தாயின் கவலை குறைந்ததா என்பது வாழ்வின் அளவு. காப்பாளராகப் பெயர் எழுதப்பட்ட அண்ணன் அதற்கு இசைந்தாரா, அவருடைய மனைவிக்கு அது தெரியுமா என்பவற்றைக் கேட்காத அளவை, எதிர்காலம் என்ற துறையில் முழு மதிப்பெண் இட்டுவிடும்.

உடன்பிறந்தோர் நிலை தனியே பேச வேண்டிய ஒன்று. பத்து வயதில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி, அதைச் சுமை என்று கூறமாட்டாள். அவளுக்கு அது வீட்டு வேலை. பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் வராத நாட்களுக்கும், தாய் மருத்துவமனை சென்ற நாட்களுக்கும் உள்ள ஒற்றுமையை எந்த வினாப் பட்டியலும் கண்டுபிடிக்காது, வகுப்பாசிரியர் கண்டுபிடிக்கலாம்.

நேரத்தை அளப்பதற்கு இந்நாட்டில் முன்மாதிரி உண்டு. 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டமை தெரியவந்தது. வீட்டினரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்ட பெண்களுக்கு அது 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். அரைமணிக்கொரு முறை என்ன செய்தீர்கள் என்று கேட்கும் அம்முறை கடினமானதே, எனினும் நடந்தது. குறைபாடுடையவர் உள்ள வீட்டுக்கு அதே முறையைக் கொண்டு சென்றால், கேட்பவரும் சொல்பவரும் ஒரு திருத்தத்தை ஏற்க வேண்டியிருக்கும். சோறு வடிக்கும்போதும் ஒரு கண் பிள்ளைமீது இருக்கிறது. அந்தக் கண்காணிப்பு எந்தக் கட்டத்தில் எழுதப்படும்?

கேரளத்தில் பராமரிப்போருக்கென்றே ஆசுவாசகிரணம் என்ற திட்டம் தொடங்கப்பட்டு, உதவித்தொகை மாதம் 600 ரூபாய் வரை உயர்ந்தது. தொகை சிறிது. ஆனால் அரசின் ஏட்டில் பராமரிப்பவருக்கு ஒரு பெயரும் ஒரு வரிசை எண்ணும் கிடைத்தன. யார் பராமரிக்கிறார் என்ற பட்டியல் இருக்கும் இடத்தில்தான், அவர் நோயுற்றால் என்ன செய்வது என்ற அடுத்த கேள்வி எழ முடியும்.

களத்துக்குச் செல்லும் மாணவர்கள் முழு அளவையையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டிய அவசியமில்லை. ஒன்பது துறை, ஆறு கோணம் என்று 54 கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்குள் பிள்ளை எழுந்து ஓடிவிடும். தாய் பின்னால் ஓடுவார். எண் மதிப்பெண்ணைக் கூட்டி ஒரே தொகையாகத் தருவதையும் தவிர்க்கலாம். உறவில் உயர்ந்தும் பொருளில் தாழ்ந்தும் உள்ள வீட்டையும், பொருளில் உயர்ந்து உறவு முறிந்த வீட்டையும் அக்கூட்டுத் தொகை ஒன்றாக்கிவிடும். துறைவாரியாக எழுதுவதே நன்று. முக்கியத்துவம் பற்றிய கேள்விக்கு எல்லோரும் 'மிக முக்கியம்' என்றே கூறுவர். அதற்குப் பதில், முதலில் மாற வேண்டியது எது என்று ஒன்றை மட்டும் கேட்டால் பயனுள்ள விடை வரும். அதே வீட்டுக்கு ஓராண்டு கழித்து மீண்டும் செல்லவும் வேண்டும். ஒரு முறை அளந்தது அன்றைய மனநிலையை மட்டும் காட்டியிருக்கலாம்.

அலுவலர்கள் செய்யக்கூடியது இதனினும் எளிது. 'பராமரிக்க ஆள் இருக்கிறாரா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தபின், அடுத்த கட்டத்துக்குப் போகாமல் மூன்று கேள்விகள் சேர்க்கலாம். அவர் யார், வயது என்ன? அதற்காக எந்த வேலையையோ படிப்பையோ விட்டார்? கடந்த ஒரு மாதத்தில் அவர் ஒரு நாள் முழுதும் படுத்துவிட்டால் வேறு யார் பார்த்துக்கொண்டனர்? மூன்றாவது கேள்விக்கு 'யாருமில்லை' என்று வரும் விடைகளை மட்டும் எண்ணி, அந்த 0.3 சதவீதத்துக்கு அருகில் எழுதிப் பார்க்கலாம்.